ரெண்டு கை ஃப்ளை ராடு நம்ம ஊருக்கு ஆகாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல தூண்டில் பத்தி வந்த கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா ரெண்டு கையால வீசுற ஃப்ளை ராடெல்லாம் (பூச்சி மாதிரி கட்டுன தூண்டில் முள்ள லைனோட கனத்துலயே வீசுற கம்பு) வெளிநாட்டுல சால்மன் பிடிக்கிறவங்களுக்கு, நமக்கெதுக்குன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க, அதத்தான் ஒத்துக்க முடியல. நான் ரொம்ப காலம் 9 அடி ஒத்தக் கை ராடுதான் வச்சிருந்தேன், இப்ப உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் முல்லைப் பெரியாத்துக்குப் போனா 11 அடி ரெண்டு கை ராடுதான் எடுத்துட்டுப் போறேன். மீனு அதே கெண்டையும் ஜிலேபியும்தான். நான் மாறுனது கரையாலதாங்க.

ஒத்தக் கை ராடுல தலைக்கு மேல வீசுனா லைன் பின்னாடி போயி முழுசா நீண்டதுக்கப்புறம்தான் முன்னாடி தள்ள முடியும். நம்ம ஆத்தங்கரைல பின்னாடி எங்க சார் இடம் இருக்கு, நாணலு, அதத் தாண்டுனா தென்னை, வைகைப் பக்கம் வந்தா சீமைக்கருவேலம், 2017ல ஹைகோர்ட் மதுரை பெஞ்சே வெட்டச் சொல்லியும் இன்னும் பல எடத்துல அப்படியேதான் நிக்குது. ரெண்டு கை ராடுல லைனோட நுனி தண்ணிலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், மிச்சம் மட்டும் தோளுக்குப் பின்னால வளைஞ்சு நிக்கும், அந்தக் கனத்துலயே ராடு வளைஞ்சு லைன முன்னாடி தூக்கிட்டுப் போயிரும். இந்த வீச்சுக்கு ஸ்பேன்னு பேரு, ஸ்காட்லாந்துல ஸ்பே ஆத்துக்காரங்க 19ம் நூற்றாண்டுலயே இதப் பழகுனதுக்கும் கரையோர மரமும் மேடும்தான் காரணம்.

மாறுறவங்களுக்கு முதல்ல இடிக்கிறது மேல் கை. ஒத்தக் கைப் பழக்கத்துல வலது கையாலயே மொத்தமா தள்ளுவோம், லைன் குப்புன்னு முன்னாலயே விழுந்துரும். கீழ்க் கையாலதான் வயித்தப் பாத்து இழுக்கணும், மேல் கை சும்மா தாங்கிக்கிட்டா போதும். அப்புறம் லைன் வாங்குறப்ப ஏமாந்துராதீங்க, எவ்வளவு கனமான லைன் மாட்டணும்னு சொல்ற நம்பர் ரெண்டு ராடுலயும் 7னுதான் போட்டிருக்கும், ஆனா ஒத்தக் கை 7ம் நம்பர் லைனுக்கு முதல் 30 அடி 185 கிரெய்ன், அதாவது 12 கிராம்தான், ரெண்டு கை 7க்கு லைன் ஹெட்டே, அதாவது லைனோட முன்பக்கக் கனமான பகுதியே, 450, 500 கிரெய்ன்னு போகும். பழைய லைனையே மாட்டிட்டு ராடு சரியில்லன்னு திட்டுறவங்க நெறைய.

காத்தையும் பாக்கணும். ஆடி மாசம் கம்பம் பள்ளத்தாக்குல அடிக்கிற காத்து சொல்லவே வேணாம், தென்மேற்குலருந்து ஆத்தோட போக்குலயே அடிக்கும், அப்ப டபுள் ஸ்பேதான் போடணும், லைன ஆறு போற பக்கமா தண்ணில வச்சு வீசுறது. அத விட்டுட்டு எதிர்ப்பக்கம் வச்சு சிங்கிள் ஸ்பே போட்டா காத்து லைனத் தள்ளி முள்ளு நம்ம மூஞ்சிக்கே வந்துரும், கண்ணாடி போடாம இந்த வேலைல எறங்கவே கூடாது. இன்னொரு சவுரியம், கரைல நின்னே நடு ஆத்துக்குப் போட்டுரலாம், அணைத் தண்ணி திடீர்னு ஏறுற ஆத்துல இடுப்பளவு எறங்கி நிக்க வேண்டியதில்ல.

அதுக்காக 14 அடி ராடு வாங்கச் சொல்லல, நம்ம ஆத்து அகலத்துக்கு அது அநாவசியம், 11 அடியே தாராளம். அதுவும் உடனே வாங்கணும்னு இல்ல, கையில இருக்குற 9 அடி ராடுலயே ரோல் காஸ்ட், அதாவது லைன பின்னாடி நீள விடாம தண்ணிலருந்தே முன்னாடி உருட்டி விடுறது, போட்டுப் பழகலாம், அடிப்படை ஒண்ணுதான். அடுத்த இணைப்புல கட்டுரையாளர் இதையும் கொஞ்சம் எழுதுனா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை