குரலுக்குச் சட்டத்தில் இடம் கொடுங்கள்: ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குரல் நடிகை நொசாவா மசாகோ அம்மையாரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடர்களில், 1968இல் சிறுவன் கிதாரோ, 1978இல் சிறுவன் தெத்சுரோ, 1986 முதல் இன்றுவரை ‘டிராகன் பால்’ நாயகன் கோகூ என உங்களில் பலர் கேட்டு வளர்ந்த குரல் அவருடையது. அந்தக் குரலை மொழிமாற்றம் இல்லாமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கிய தமிழ்நாட்டு ரசிகன் நான்.

சென்ற வாரம் என் அக்காள் மகன் கைபேசியை நீட்டி, "மாமா, கோகூ தமிழ்ப் பாட்டு பாடுறான், கேளுங்க" என்றான். கேட்டேன். குரல் அச்சு அசலாக அம்மையாருடையதுதான். ஆனால் பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்வரை ஓரிடத்திலும் மூச்சு வாங்கும் ஓசையே இல்லை. மாதச் சந்தா கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்தக் குரலை எதையும் பேச வைக்கலாம், பாட வைக்கலாம் என்று ஒரு செயலி விற்றுக்கொண்டிருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்பதுதான் அன்றிரவு முழுவதும் என்னை உறுத்தியது.

அந்தக் குரல் எப்படி உருவானது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேரலையிலேயே குரல் கொடுத்த காலத்தில் அவர் தொழிலுக்கு வந்தார். சிறுவர் பாத்திரங்களுக்குக் குரல் கொடுக்க, இரவு நேர ஒளிபரப்புக்குச் சிறுவர்களை அழைத்து வர முடியாது. சற்று வளர்ந்த பையன்களுக்கோ குரல் உடைந்துவிடும். அதனால் நாடக மேடையிலிருந்த இளம் நடிகைகளைத் தேடினார்கள். ஒரு சொல் தவறினாலும் திருத்த வழியில்லாத அந்த நெருக்கடியில் பழகிய தொண்டையைத்தான், பின்னாளில் ஒலிநாடாவில் கேட்டு, இவர்தான் கோகூ என்று ‘டிராகன் பால்’ கதையைப் படைத்த தோரியாமா அகிரா தேர்ந்தெடுத்தார். கோகூ, கோஹான், கோதென் என்று தந்தையும் இரு மகன்களும் பேசிக்கொள்ளும் காட்சியில் மூவருக்கும் அவர் ஒருவரே மாறி மாறிக் குரல் கொடுத்தார். கோகூ தன் சக்தியை ஏவும்போது முழங்கும் "கா… மே… ஹா… மே…" என்று அடக்கி வைத்த மூச்சையெல்லாம் கடைசி "ஹா"வில் அவர் கொட்டித் தீர்க்கும்போது, அடிவயிற்றின் இறுக்கம் கேட்பவனுக்கும் தெரியும். 2024 அக்டோபரில் ‘டிராகன் பால் டைமா’ என்ற புதிய தொடர் தொடங்கியபோது, 88ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரங்களே இருந்த நிலையிலும், கோகூவாகப் பேசியவர் அவரேதான்.

இத்தனை ஆண்டு உழைப்பும் உங்கள் சட்டத்தின் கண்ணில் படாமல் போவதுதான் கொடுமை. அவர் நடித்துப் பதிவான ஒலிக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தக் குரல் என்பது மட்டும் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு படைப்பு ஆகாது. ஆகவே பதிவைத் திருடினால் குற்றம். அதே பதிவுகளைக் கொண்டு கணினியைப் பழக்கி, அவர் சொல்லாததை அவர் குரலில் சொல்ல வைத்தால், பாதிக்கப்பட்டவர்தான் வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டும். 90 வயதை நெருங்கும் ஒருவர், "இது நான் பேசியதல்ல" என்று ஒவ்வொரு காணொளியாக மறுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? 2024இல் நகாவோ ரியூசெய், யாமாதெரா கோயிச்சி உள்ளிட்ட 26 குரல் நடிகர்கள், அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவால் எங்கள் குரலை உருவாக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே வேண்டினார்கள். திரைக்குப் பின்னால் நின்றே வாழ்ந்து பழகியவர்கள் முகம் காட்டிக் கெஞ்ச வேண்டிய நிலை வந்ததை எண்ணும்போது எனக்கு ஆத்திரமே வருகிறது.

அனிமேயை நாட்டின் பெருமை என்று உலக மேடைகளில் பேசுகிறீர்கள். அந்தப் பெருமையில் பாதி இவர்களின் தொண்டையில் இருக்கிறது. புதிதாக வரும் இளைஞர்களின் நிலை இன்னும் மோசம். பெயர் வாங்கும் முன்பே அவர்களின் குரல் களவு போனால், அது களவு என்றுகூட யாருக்கும் தெரியாது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஒருவருடைய குரல் அவருக்கே உரியது என்றும், அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அதைக் கொண்டு கணினியைப் பழக்குவதோ, புதிதாகப் பேச வைப்பதோ, விற்பதோ கூடாது என்றும் சட்டத்தில் தெளிவாக எழுதுங்கள். நொசாவா அம்மையார் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்வரும் இந்த நாட்களிலேயே அதைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகன்