கையெழுத்துப் போட்ட மாமாவுக்கும் காப்பி கொடுத்த அக்காவுக்கும்

நம்ம ஊராட்சி மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இன்று, 2025 ஜனவரி 5, நான் தலைவராக இருந்த நம்ம ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிகிறது. நாளையிலிருந்து அரசு போடும் தனி அலுவலர் பார்த்துக்கொள்வார். எனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு ஜெயித்த வாரமே நோட்டீஸ் அடித்து நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல் முக்கியமாக எனக்கு ஓட்டுப் போடாதவர்களுக்கு.

2019 டிசம்பரில் தேர்தல் வந்தபோது, புதுக்கோட்டைப் பக்கம் கஜா புயல் அடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பல தோப்புகளில் சாய்ந்த தென்னையின் தூரைக்கூட அப்புறப்படுத்தவில்லை. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பது சட்டம். யார் எந்தக் கட்சி என்பது நம்ம ஊர் ஆடுமாடுக்குக்கூடத் தெரியும் என்பது வேறு விஷயம். எனக்குப் பூட்டு சாவி, எதிர்த்து நின்ற அக்காவுக்கு ஆட்டோ. ஆளுக்கு நாலு ஓட்டு. தலைவருக்கு ரோஸ் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்குத் தனி. 2020 ஜனவரி 2 அன்று பெட்டியைக் கொட்டிக் கலர் வாரியாகப் பிரித்துக் கட்டுப் போடவே மதியம் தாண்டிவிட்டது. எங்கள் ரோஸ் சீட்டை எண்ணி முடித்தபோது ராத்திரி மணி பதினொன்று. 41 ஓட்டில் ஜெயித்தேன்.

அன்றைக்கு ராத்திரி நம்ம பையன்கள் ஒரு காரியம் செய்தார்கள். அக்கா வீட்டு வாசலில் போய்ச் சரவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டார்கள். நான் சொல்லிச் செய்ததில்லை. ஆனால் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கவும் இல்லை. அது என் தப்புதான். விடியக்காலம் தண்ணி பிடிக்கப் போனபோது பார்த்தேன், அவர்கள் போட்டிருந்த மார்கழிக் கோலத்தின் மேல் சிவப்புக் காகிதம் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் விளக்குமாறு எடுத்து வந்து கூட்ட ஆரம்பித்தேன். பாதி கூட்டியிருப்பேன், கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். கொஞ்ச நேரம் நிலைப்படியில் நின்று பார்த்தார். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தார். எல்லாம் முடிந்த பிறகு, "குனிஞ்சு கூட்டுனது போதும், உள்ள வந்து காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா, அந்தக் காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தீர்கள். சொல்ல வாய் வரவில்லை, இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட முடியவில்லை, மார்ச்சில் ஊரடங்கு. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் பையும் கையுமாக வந்து இறங்கினார்கள். கிருமிநாசினி அடிக்க ஊராட்சியிடம் இருந்தது இரண்டே கைத்தெளிப்பான், அதிலும் ஒன்று ஒழுகும். அக்கா வீட்டு அண்ணன் தோப்புக்கு மருந்தடிக்க வைத்திருந்த பவர் ஸ்பிரேயரை வண்டியில் ஏற்றிக்கொண்டு யாரும் கூப்பிடாமலே ஆபீஸ் வாசலுக்கு வந்தார். சரவெடி எந்தத் தெருவிலிருந்து கிளம்பியதோ அந்தத் தெருவில்தான் முதலில் அடித்தார். வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. பிளீச்சிங் அரித்து ஸ்பிரேயரின் இரண்டு நாசில் (தெளிக்கும் முனை) வீணாகிப் போனது. ஊராட்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்றேன். காது கேட்காத மாதிரி போய்விட்டார்.

அடுத்து துணைத்தலைவர் மாமா. வார்டு உறுப்பினர்களில் அக்கா பக்கத்து ஆட்கள் அதிகம் என்பதால் ஜனவரி 11 மறைமுகத் தேர்தலில் மாமாதான் வந்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊராட்சிச் செக்கில் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் பேங்கில் பணம் எடுக்க முடியாது, துணைத்தலைவரும் போட வேண்டும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் இல்லை, தூய்மைக் காவலருக்கு இல்லை, பல்பு வாங்கக் காசு இல்லை. கடைசியில் பெயர் கெடுவது தலைவருக்கு. இப்படி முடங்கிப்போன ஊராட்சிகள் எத்தனையோ. தலைவர் ஒரு பெண்ணாகவோ பட்டியல் சமூகத்தவராகவோ இருந்துவிட்டால் அந்தப் பேனா இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

மாமா ஐந்து வருஷத்தில் சம்பளச் செக் ஒன்றைக்கூட நாள் கடத்தியதில்லை. வயலில் நின்றாலும் சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வண்டி சீட்டின் மேல் வைத்துப் போட்டுக் கொடுப்பார். ஒரே ஒரு தடவை மறுத்தார். மேலத்தெரு போர் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டியதாக ஒரே மாதத்தில் இரண்டு பில் வந்திருந்தது. நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். "ஏம்மா, இந்த மோட்டாரு போன வாரந்தானே கட்டுச்சு, அதுக்கப்புறம் கெணத்துலருந்து எடுக்கவே இல்லியே" என்றார். விசாரித்தால் அவர் சொன்னதுதான் சரி. மாமா நினைத்திருந்தால் இதை அடுத்த கிராம சபையில் மைக் பிடித்துச் சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கலாம். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். போட்ட கையெழுத்துகளுக்கெல்லாம் ஒரு நன்றி மாமா, போடாத அந்த ஒன்றுக்கு இரண்டு.

அதற்காக ஐந்து வருஷமும் கொஞ்சிக் குலாவினோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கிராம சபையிலும் வரவு செலவைப் படித்து முடிக்கும் முன்னே மூன்றாவது வார்டிலிருந்து கேள்வி கிளம்பும். நூறு நாள் வேலை வருகைப் பதிவில் யார் பெயர் விட்டுப்போனது என்று பட்டியலோடு வருவீர்கள். குடிநீர்க் குழாய் போடும்போது எந்தத் தெருவை முதலில் தோண்டுவது என்று நடந்த சண்டையில் நானும் மாமாவும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செக் மட்டும் பையன் கையில் போய் வந்துகொண்டிருந்தது.

ஊராட்சிச் செயலருக்கும், டேங்க் ஆபரேட்டருக்கும், விடிவதற்குள் குப்பை வண்டி தள்ளிய தூய்மைக் காவலர் அக்கா தங்கைகளுக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கும்தான். தலைவர் நாற்காலியில் ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை. பல ஊர்களில் நடக்கிற கூத்தைப் பார்த்தால் இதையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

நடவடிக்கைப் புத்தகம், செக் அடிக்கட்டை, சொத்துப் பதிவேடு எல்லாம் பீரோவில் இருக்கின்றன. தெற்குத் தெருவில் இரண்டு கம்பத்து விளக்கு எரியவில்லை, அதைத் தனி அலுவலரிடம் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்குள் போடவில்லையென்றால் மாமாவும் நானும் சேர்ந்தே போய்க் கேட்கிறோம். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் அக்கா நிற்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நின்றால் நானும் நிற்பேன். இந்தத் தடவை பையன்களிடம் முன்னாடியே சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் தலைவர்