களப்பயணமும் நம் பொறுப்பும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளை ஆற்றுக்கும் குளத்துக்கும் மலைக்கும் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பிவர ஆசிரியர்களுக்குத் தோள்கொடுப்பது நம் சங்கத்தின் வேலை. செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கயிறு, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றின் செலவு இந்த முறை கூடியிருக்கிறது. எதற்கு என்று கீழே வரும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவன் ஒருவன் இறந்தான். அது பள்ளிப் பயணம் அல்ல. ஆனாலும் ஜூனில் பள்ளி திறந்ததும் நாங்கள் போய்ப் பார்த்த தலைமையாசிரியர்கள் பலர், "இந்த வருஷம் எங்கேயும் வேண்டாம் சார்" என்றார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு; ஏதாவது ஆகிவிட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் பள்ளி கூட்டிப்போகாவிட்டால் பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டார்களா? காலாண்டு லீவில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்களாகவே போவார்கள், கூட ஒரு பெரியவர் இல்லாமல். எனவே போகலாமா கூடாதா என்ற வழக்கை விட்டுவிட்டு, எப்படிப் போவது என்பதில் இறங்கினோம்.

முதல் தீர்மானம் இது: கூட வரும் பெரியவர்களில் யார் ஒருவர் "போதும், திரும்புவோம்" என்றாலும் அங்கேயே திரும்ப வேண்டும். ஓட்டெடுப்பு கிடையாது, அந்த இடத்தில் காரணம் கேட்பதும் கிடையாது. திரும்பினால் அடுத்து எங்கே போவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இதற்குச் சோதனை வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு மணிமுத்தாறு அருவிக்குப் போயிருந்தோம். காலைப் பேப்பரில் அணை மட்டம் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுத்தோம். (அணைகளின் முழு மட்டம் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று இந்த ஊரில் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அருவி இருப்பது அணைக்கு மேலே. அணை மட்டத்தை வைத்து அருவியைக் கணிக்க முடியாது என்பது நமக்கே சட்டென்று உறைப்பதில்லை.) நல்ல வெயில். சோதனைச்சாவடியில் தடை எதுவும் சொல்லவில்லை. அருவிக்கரையில் நின்ற அறிவியல் ஆசிரியை பிள்ளைகளைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் மெதுவாகச் செம்மண் நிறம் ஏறியது. பின்னாலேயே சருகும் சுள்ளியும் வந்தன. மேலே மாஞ்சோலைப் பக்கம் மழை. "எல்லாரும் படிக்கு மேல ஏறுங்க" என்றார். பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று. கூட வந்த ஒரு பெற்றோர், "வனத்துறையே தடை போடலையே டீச்சர்" என்றார். "அவங்க போடுத வரைக்கும் நாம நிக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத் தலைகளை எண்ணத் தொடங்கினார் டீச்சர்.

நாங்கள் பஸ் ஏறும்வரை பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. அதனால் வீணாகத் திரும்பினோம் என்று ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. வெள்ளம் வந்தால்தான் முடிவு சரி என்றால், அந்த நிரூபணம் நமக்கு வேண்டாம். ஆசிரியையின் முடிவு சரியே என்று செயற்குழு பதிவுசெய்திருக்கிறது. அன்று மத்தியானம் பத்தமடையில் பிள்ளைகள் கோரைப்பாய் நெய்வதைப் பார்த்தார்கள். கோரையைக் கிழிக்க முயன்று விரலைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு முதலுதவிப் பெட்டியும் திறக்கப்பட்டது.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "நாங்கல்லாம் கசத்துல குதிச்சுத்தாம்யா நீச்சல் படிச்சோம், யார் எங்களுக்குக் கயிறு கட்டினா?" என்று கேட்டார் (கசம் என்றால் ஆற்றில் ஆழமான இடம்). நல்ல கேள்வி. அவர் காலத்துப் பையன்களுக்கு ஆறு தினசரிப் பழக்கம். எந்தப் படித்துறையில் வழுக்கும், எங்கே சுழி என்று காலுக்கே தெரியும். இன்றைய பிள்ளைகளில் பலர் தாமிரபரணியைப் பாலத்தின் மேல் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அவர் பார்த்த ஆறு இப்போது இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் அடியில் கிடக்கின்றன. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி தலைக்கு மேல் போய்விடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள், பழைய ஆழத்தையும் நம்பாதே என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கயிறு வாங்கியது இதற்காகத்தான். மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பான். காப்பாற்றக் குதித்தவரையும் சேர்த்து இழுப்பான். ஆகவே குதிக்காமல் கரையில் நின்றே காப்பாற்றப் பயிற்சி கொடுத்தோம். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன், அதன் கைப்பிடியில் கயிறு, அவ்வளவுதான். வெறும் கேன் காற்றில் அலைந்து பக்கத்திலேயே விழும். உள்ளே இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால் குறி பார்த்து எறியலாம், மிதக்கவும் செய்யும். ஆளுக்கு நேராக எறியாமல் தலையைத் தாண்டி எறிந்து, கயிறு அவன் மேல் படும்படி இழுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உடற்கல்வி ஆசிரியரைவிடத் தூரமாக எறிந்தாள். அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் "உடல்நலக் குறைவு ஏதேனும் உண்டா" என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் "இல்லை" என்றே எழுதுகிறார்கள். வலிப்பு, வீசிங் என்று எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயம். இந்த ஆண்டு வகுப்பாசிரியர்களைப் போனில் பேசச் சொன்னோம். "பிள்ளை கண்டிப்பா வருவா, மாத்திரை என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றதும் விவரம் தானாக வந்தது.

பாம்புக்கடிக்கு: இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடிக்கப் போகவேண்டாம்.

தை மாதம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஊரில் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு ஒரு பயணக்குழு வந்து இறங்கியதைப் பிள்ளைகளே முகம் சுளித்துப் பார்த்தார்கள். தாய்ப்பறவை சத்தத்துக்குப் பயந்து பறந்துவிட்டால் குஞ்சுக்கு வெயில் ஒரு பக்கம், காக்கை ஒரு பக்கம். புளியோதரைப் பொட்டல இலையும் தாளும் நம் பஸ்ஸிலேயே திரும்பி வந்தன. பாபநாசத்தில் குரங்குக்கு முறுக்கு போட்ட விஷயத்தில் மட்டும் பெரியவர்களைத்தான் கண்டிக்க வேண்டியிருந்தது. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியும்.

வண்டி பற்றி ஒரு வரி: லோடு வண்டியில் பிள்ளைகளை ஏற்றும் பயணத்துக்கு நம் சங்கத்தார் யாரும் துணை போவதில்லை.

வரும் ஆண்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இரண்டு உறுப்பினர்கள் இடத்தைப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்ற தீர்மானத்தையும், அதற்கான பஸ் கட்டணத்தைச் சங்கமே ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையையும் இந்த அறிக்கையோடு அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
பாளையங்கோட்டை