ஒரு குவளைக்காக

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது. நான்கு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். பத்மா டீச்சரிடம் மட்டும் சொல்லிவிடாதே.

ரஷ்யாவை ஆண்ட ரொமானோவ் குடும்பத்தைப் பற்றி நீ அனுப்பிய புத்தகம்தான் காரணம். படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு குவளையில் நின்றுவிட்டேன். எனாமல் குவளை. நீலமும் சிவப்புமாகச் சித்திர வேலை, மேலே கிரீடம், நடுவில் ஜார் மன்னர் நிக்கோலஸ், அவர் மனைவி அலெக்சாந்திரா பெயர்களின் முதலெழுத்துகள், கீழே 1896. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதை வாங்கப் போய்த்தான், வசந்தி, ஒரே காலையில் 1,389 பேர் நசுங்கிச் செத்தார்கள்.

இரண்டாம் நிக்கோலஸ் முடிசூடிய நான்காம் நாள், அவர்களுடைய பழைய காலண்டரில் மே 18. மாஸ்கோவின் ஹோதின்கா மைதானத்தில் மக்களுக்குப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். ஒரு துணியில் ரொட்டி, கொஞ்சம் சாசேஜ், மிட்டாய், இந்தக் குவளை. மொத்தம் 4 லட்சம் பொட்டலங்கள். காலை 10 மணிக்குத்தான் விநியோகம். முதல் நாள் சாயங்காலமே ஜனம் கூடிவிட்டது. விடிவதற்குள் ஐந்து லட்சம் பேர், காவலுக்கு 1,800 போலீஸ். மணலும் களிமண்ணும் தோண்டிய குழிகள் மூடப்படாமலே கிடந்த இடம் அது. பரிசு எல்லோருக்கும் போதாது என்று ஒரு பேச்சு கிளம்பியதும் கூட்டம் முண்டியடித்தது. முன்னால் நின்றவர்கள் பள்ளத்தில் சரிய, அவர்கள் மேல் அடுத்தவர்கள். செத்தவர்கள் விழக்கூட இடமில்லாமல் நின்றபடியே நெரிசலில் இருந்தார்கள் என்று, உள்ளே அகப்பட்டுப் பிழைத்த கில்யாரோவ்ஸ்கி என்ற பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார்.

ஒரு குவளைக்கு இவ்வளவு அடிதடியா என்று முதலில் நானும் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. 1861இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார் என்று பரீட்சையில் ஒரே வரியில் எழுதிவிட்டு வந்தோமே, அந்த விடுதலை, தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கே 49 ஆண்டுத் தவணை கட்டச் சொன்ன விடுதலை. ஹோதின்கா நடந்தபோது கிராமங்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தன. ஒரு வீட்டால் முடியாவிட்டால் ஊரே சேர்ந்து கட்ட வேண்டும். பட்டணத்துக்குப் பிழைக்கப் போகவும் பாஸ்போர்ட் வேண்டும். மரக் கரண்டியும் மண் கலயமுமாகப் புழங்கிய வீடுகளில் ஜாரின் பெயர் போட்ட குவளை என்றால் சும்மாவா? அவரை 'பாத்யுஷ்கா', அதாவது அப்பா, என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த அப்பா அன்று என்ன செய்தார்? பிணங்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டுபோன அதே நாள் மதியம் மைதானத்து மண்டபத்தில் வந்து நின்றார்; வாத்தியம் வாசித்தார்கள். இரவு பிரெஞ்சுத் தூதரின் நடன விருந்துக்குப் போனார். நிக்கோலஸ் நல்லவர், சூழ்ந்திருந்தவர்கள்தான் கெட்டவர்கள் என்று விடுதி மொட்டைமாடியில் நீ விடிய விடியச் சண்டை போட்டாயே! மறுநாள் மருத்துவமனைக்குப் போனார், இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபிள் அறிவித்தார், உண்மைதான். மனம் வருந்தியிருப்பார் என்றும் நம்புகிறேன். ஆனால் அந்த ஓர் இரவு போகாமல் இருந்திருக்கலாம், வசந்தி. போலீஸ் தலைவரின் வேலை போயிற்று. மாஸ்கோவின் கவர்னர் ஜெனரலாக இருந்த சித்தப்பா செர்கேய் பதவியிலேயே இருந்தார். 1905 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் அதே அப்பாவிடம் முறையிட அவர் படத்தையே ஏந்திக்கொண்டு போனபோது எதிரே நின்றது துப்பாக்கி.

கடைசி அத்தியாயத்தில் நிக்கோலஸின் நான்கு பெண்களையும் பையனையும் பார்த்து அழுதேன். 1918இல் எகாதெரின்பர்க்கில் குடும்பத்தோடு சுட்டுக் கொன்ற அந்த நிலவறைக்குள் போக அந்தக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாஸ்கோவின் வகான்கோவோ இடுகாட்டில் ஹோதின்காக்காரர்களைப் புதைத்த இடத்தின் படம் இருக்கிறதா என்று முதலிலிருந்து தேடினேன். இல்லை.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? வரும்வரை புத்தகம் என்னிடமே இருக்கட்டும். குவளைப் பக்கத்தில் உன் கடிதத்தைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறேன்.

உன்,
கமலா