செத்தவளும் பிழைத்தவளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசியாவும் மேற்கும் சந்தித்துக்கொள்ளும் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபார்ஸ்டரில் தொடங்கி ஆர்வெல், கிரகாம் கிரீன் என்று கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘மடாம் பட்டர்ஃபிளை’ ஓபராவை, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகத்தை, பற்றிய பத்தியில் ஒரு பிசகு. கைவிடப்பட்ட ஜப்பானியப் பெண் கத்தியால் குத்திக்கொண்டு சாகும் முடிவு பியேர் லோத்தியின் பிரெஞ்சு நாவலிலேயே இருப்பதாகவும், புச்சினி அதற்கு இசை மட்டும் சேர்த்தார் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டார். லோத்தியின் நாவலில் அந்தப் பெண் சாகவில்லை. சின்னத் தவறுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் கட்டுரை பேசியிருக்க வேண்டிய விஷயமே இங்கேதான் இருக்கிறது.

லோத்தி என்பது புனைபெயர். ஆள் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஜூலியன் வியோ என்று பெயர். 1885 கோடையில் அவருடைய கப்பல் நாகசாகியில் நின்றபோது, தரகர் வைத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். அந்தத் துறைமுகத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இது பழக்கமான ஏற்பாடுதான். அதை வைத்து அவர் எழுதிய ‘மடாம் கிரிசாந்தெம்’ 1887இல் வந்தது. அதன் முடிவைப் பாருங்கள். கப்பல் கிளம்பும் நாளில், சொல்லாமல் கொள்ளாமல் கதைசொல்லி வீட்டுக்குத் திரும்பி வருகிறான். பிரிவை நினைத்து அவள் கொஞ்சமாவது வாடியிருப்பாள் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. அவளோ பாட்டுப் பாடிக்கொண்டே, அவன் கொடுத்த வெள்ளிக் காசுகளை ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியலால் தட்டி, நல்ல காசா கள்ளக் காசா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லோத்தி இதை அவளைத் தாழ்த்தத்தான் எழுதினார். நாவல் முழுக்க ஜப்பானியர்களைப் பொம்மை என்றும் குரங்கு என்றும் சொல்லிக்கொண்டு போகிறவர் அவர். (பிற்பாடு மனுஷர் நம் பக்கமும் வந்து திருவிதாங்கூர், மதுரை, பாண்டிச்சேரி எல்லாம் சுற்றிப் புத்தகம் எழுதினார். அது தனிக் கதை.) ஆனாலும் அவரை அறியாமலே அந்தக் காட்சியில் ஓர் உண்மை புகுந்துவிட்டது என்பேன். பணம் பேசித்தானே கூட்டி வந்தான்? அந்தப் பணத்தை அவள் சரிபார்ப்பதில் என்ன குற்றம்?

இதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜான் லூதர் லாங் என்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வக்கீல். ஜப்பானுக்கே போகாதவர். அவருடைய அக்காளோ தங்கையோ, நாகசாகியில் மிஷனரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் வந்து சொன்ன சேதியைக் கேட்டு லாங் 1898இல் ஒரு கதை எழுதினார். இதில் அந்தப் பெண் நிஜமாகவே காதலிக்கிறாள், காத்திருக்கிறாள், கடைசியில் கத்தியையும் எடுக்கிறாள். ஆனால் சாகவில்லை. வேலைக்காரி காயத்துக்குக் கட்டுப்போட, மறுநாள் ஆட்கள் வந்து பார்த்தால் வீடு காலி. இந்தக் கதையை நியூயார்க்கில் டேவிட் பெலாஸ்கோ 1900இல் நாடகமாகப் போட்டார். அவர்தான் அவளை முதலில் சாகடித்தவர். லண்டனில் அந்த நாடகத்தைப் பார்த்த புச்சினிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, ஆனாலும் அதையே ஓபராவாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1904 பிப்ரவரியில் மிலான் நகரில் முதல் நாள் கூச்சலும் ஏளனமும்தான் கிடைத்தன. திருத்தி மே மாதம் பிரெஸ்ஸியாவில் போட்டபோது ஊரே கொண்டாடியது. அன்று பிடித்த ஓட்டம் இன்றுவரை நிற்கவில்லை.

ஆக, காசைத் தட்டிப் பார்த்த பெண் பதின்மூன்றே ஆண்டுகளில் மேடையில் பிணமாகிவிட்டாள். ஒவ்வொரு கை மாறும்போதும் அவளுக்குக் காதல் கூடுகிறது, கணக்குக் குறைகிறது. 1989இல் லண்டனில் இதே கதை ‘மிஸ் சைகோன்’ என்ற இசைநாடகமாக வந்தபோது ஜப்பான் வியட்நாமாக மாறியது. ஆனால் பெண் அப்போதும் தன்னைச் சுட்டுக்கொண்டுதான் செத்தாள். அதற்கு முந்தின ஆண்டே அமெரிக்க-சீன நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங், ஒரு பிரெஞ்சு ராஜதந்திரியையே பட்டர்ஃபிளை வேஷத்தில் சாகவைத்து இதைத் திருப்பிப் போட்டுக் காட்டியிருந்தார். கட்டுரையில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

நம் நாட்டுப் பெண்ணும் தப்பவில்லை. 1883இல் பாரிசில் மேடையேறிய டெலிப்பின் ‘லாக்மே’ ஓபராவில், பிராமணப் பூசாரியின் மகள் ஓர் ஆங்கில அதிகாரியைக் காதலித்து ஊமத்தையைத் தின்று சாகிறாள். அவன் தன் பட்டாளத்துக்குத் திரும்பப் போகிறான், அவ்வளவுதான். அதற்குப் பத்து ஆண்டு முன்பு ஜூல் வெர்ன் ‘எண்பது நாளில் உலகைச் சுற்றி’ நாவலில் ஔதாவை உடன்கட்டைச் சிதையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் லண்டனில் கல்யாணம் செய்துவைத்தார். அவள் பார்சிப் பெண்ணாம்! நெருப்பைப் புனிதமாக மதித்துப் பிணத்தை எரிக்கவே எரிக்காத சமூகத்துப் பெண்ணைச் சிதையில் ஏற்றிய துணிச்சலை என்ன சொல்ல.

கட்டுரையாளர் கிரீனின் ‘தி கொயட் அமெரிக்கன்’ நாவலில் வரும் வியட்நாமியப் பெண் ஃபுவோங்கைக் காட்டி மறுக்கலாம். அவள் சாகவில்லை, அவளைக் கேட்ட அமெரிக்கன்தான் சாகிறான். சரி. ஆனால் அந்த அமெரிக்கன் அவளிடம் கல்யாணம் கேட்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு மொழி போதாது. அவளை வைத்திருக்கும் ஆங்கிலேயப் பத்திரிகையாளனே உட்கார்ந்து மொழிபெயர்க்கிறான். அபாரமான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் கதை முழுவதையும் அந்தப் பத்திரிகையாளனே சொல்வதால், அவள் மனதில் என்ன ஓடியது என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. பிழைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதே கதையை நம் ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார். அ. மாதவையா. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். உப்பு, ஆயத்தீர்வை இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே அவர் ஆங்கிலத்திலும் நாவல்கள் எழுதினார். 1915இல் வந்த ‘கிளாரிந்தா’ அதில் ஒன்று. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை ஒருத்தியை உடன்கட்டைச் சிதையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றுகிறான். இதுவரை வெர்ன் கதைதான். ஆனால் மாதவையா அங்கே நிறுத்தவில்லை. இதில் சாகிறவன் வெள்ளைக்காரன். அவனுக்குப் பிறகும் அவள் வாழ்கிறாள்.

கற்பனை மட்டுமல்ல இது. சிதையிலிருந்து மீட்ட கதை செவிவழி வந்தது, அதை எவ்வளவு நம்புவது என்பது வேறு விஷயம். ஆனால் கிளாரிந்தா என்ற பெண் இருந்தார். கல்யாணமில்லாமல் ஓர் அதிகாரியோடு வாழ்கிறார் என்று ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பின்பு 1778இல்தான் பாளையங்கோட்டையில் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருக்கும் நாற்பது பேரில் முதல் பெயர் அவருடையது. கிளாரிந்தா கட்டிய கிறிஸ்தவக் கோயிலை 1785இல் அதே சுவார்ட்ஸ் ஐயர்தான் வந்து பிரதிஷ்டை செய்தார். எங்கள் ஊரில் அது இன்றும் நிற்கிறது, பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சொன்னால் பழைய ஆட்கள் வழிகாட்டுவார்கள். பாரிஸ்காரர்கள் ஊமத்தை கொடுத்துக் கொன்ற கதாபாத்திரத்துக்கு நிஜத்தில் என்னென்ன செய்ய முடிந்தது என்று பாருங்கள்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. லிட்டில்டன் அளவுக்கு மீறி நல்லவன். சீர்திருத்தப் பேச்சு வந்துவிட்டால் மாதவையாவுக்கு நிறுத்தத் தெரியாது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அவர் பெருங்குளத்துப் பிராமணர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், மதம் மாறாதவர். மிஷனரிகளைக் குத்திக்காட்டவும் தயங்காதவர். அப்படிப்பட்டவர் மதம் மாறிய ஒரு பெண்ணை, பரிதாபத்துக்குரியவளாகவும் ஆக்காமல், துரோகியாகவும் ஆக்காமல், தனக்கென்று ஒரு முடிவெடுக்கத் தெரிந்தவளாக எழுதினார். அதையும் வெள்ளைக்காரர் படிக்கிற மொழியிலேயே எழுதினார். நான்கு பக்கக் கட்டுரையில் ஆர்வெலுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தபோது இவருக்கு அரைப் பத்திகூட இல்லாதது எனக்கு உறுத்தியது.

லோத்தி பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் போடுங்கள். கூடவே கட்டுரையாளரைக் கொண்டே ‘கிளாரிந்தா’ பற்றி ஒரு பக்கமாவது எழுதவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். சரோஜினி பாக்கியமுத்துவின் தமிழாக்கம் இருக்கிறது. கடையில் அகப்படவில்லை என்றால் என் பிரதியை அனுப்புகிறேன். பின்னட்டை போய்விட்டது, பக்கங்கள் முழுசாக இருக்கின்றன. படித்துவிட்டு மறக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டை வாசகர்