கலீஃபா என்றால் அதிபதியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் மாணவர் பகுதியில் நீடித்த வளர்ச்சியையும் இஸ்லாத்தையும் அறிமுகப்படுத்தும் கட்டுரை வந்திருந்தது. இப்படி ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மூன்றாம் பத்தியில், "இறைவன் மனிதனைப் பூமிக்கு அதிபதியாக்கினான்" என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு மற்ற வரிகளில் மனம் ஒட்டவில்லை.

குர்ஆன் மனிதனைக் குறிக்கும் 'கலீஃபா' என்ற சொல்லைத்தான் 'அதிபதி' என்று பெயர்த்திருக்கிறீர்கள். கலீஃபா என்றால் ஒருவருக்குப் பின் வருபவர், ஒருவர் சார்பில் பொறுப்பில் நிற்பவர். குர்ஆன் 2:30-இல் அந்தச் சொல் வரும் இடத்திலேயே, "குழப்பம் விளைவித்து இரத்தம் சிந்துபவரையா அங்கே வைக்கப்போகிறாய்?" என்று வானவர்கள் கேட்டுவிடுகிறார்கள். 10:14-இல், முன்னோருக்குப் பின் உங்களைப் பூமியில் வைத்தது நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று பார்ப்பதற்காகவே என்று வருகிறது. கணக்குக் கொடுக்க வேண்டியவன் எப்படி அதிபதி ஆவான்? 'அமானிதம்' என்ற சொல் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது நம்பிக் கொடுத்த நகையை, அவர்கள் திரும்பி வந்ததும் குறையாமல் கொடுப்பது அமானிதம். அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் மாற்று மதத்துப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

வருங்காலத் தலைமுறைக்கு வைத்துவிட்டுப் போகும் எண்ணமே 1987-இல் ஐ.நா. ஆணையம் வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கையோடுதான் பிறந்தது போலவும் எழுதியிருக்கிறீர்கள். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்ற வரையறை பரவியது அவ்வறிக்கையால்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏழாம் நூற்றாண்டில் இராக் முஸ்லிம்கள் கைக்கு வந்தபோது, ஸவாது என்ற அங்குள்ள வளமான விளைநிலங்களைப் பங்கு போட்டுத் தரச் சொல்லிப் படைவீரர்கள் கேட்டார்கள். நபிக்குப் பின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கலீஃபாக்களில் ஒருவரான உமர் (ரலி) மறுத்துவிட்டார். இப்போதே பிரித்துக் கொடுத்தால் பின்னால் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் வாதம். 'இவர்களுக்குப் பின் வந்தோர்' பற்றிப் பேசும் 59:10 வசனம் அவருக்கு ஆதாரம். நிலம் உழுதவர்களிடமே இருந்தது, கராஜ் என்ற நிலவரி பொது நிதிக்கு வந்தது. தாங்கள் அறியாத செய்தி அல்ல இது. மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம்.

ஹிமாவுக்கு ஒரே வரி: 'பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம்'. யாருக்காகப் பாதுகாத்தது? ஹிமா ஒன்றுக்குப் பொறுப்பாளராக ஹுனைய் என்பவரை வைத்தபோது உமர் சொன்னது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவரை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தையை விடாதே. இருவரும் பெரும் செல்வர்கள், நபித்தோழர்கள். அவர்கள் கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குத் தோப்பும் வயலும் உண்டு. ஏழைக்கு வேறு வழியில்லை. ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளையும் வண்ணக் கட்டங்களில் போட்ட பக்கத்தில் இதற்கு நான்கு வரி இடம் கிடைக்கவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓடும் ஆற்றங்கரையில் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்தாலும் வீணாக்காதே என்ற ஹதீஸை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதை வழிவழியாகச் சொல்லிவந்த அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். புகாரியிலேயே இருக்கும் அளவை விட்டுவிட்டீர்கள்: நபி (ஸல்) ஒரு முத்து நீரில் ஒளு செய்வார்கள், ஒரு ஸாஉ (நான்கு முத்து) முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளிப்பார்கள். முத்து என்பது நடுத்தர ஆள் இரு கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளும் அளவு, ஷாஃபி மத்ஹபின் (சட்ட மரபின்) கணக்கில் ஏறக்குறைய 0.7 லிட்டர். ஹனஃபி மத்ஹபின் கணக்கில் சற்றுக் கூடும்.

இதை வைத்து ஒரு செய்முறை கொடுத்திருக்கலாமே. குழாய்க்குக் கீழே 20 லிட்டர் வாளியை வைத்து, எப்போதும் போல ஒளு செய்யச் சொல்லுங்கள். அரை அங்குலக் குழாயை முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரைகூடக் கொட்டும். மேல்தொட்டியின் உயரத்தைப் பொறுத்து மாறும். அதே ஒளுவை ஒரு லிட்டர் செம்பு நீரில் செய்து பார்க்கட்டும், முடியும். வீணாவது கால் கழுவும்போது மட்டுமல்ல. தலைக்கு மஸ்ஹு செய்ய, அதாவது தடவிக்கொள்ள, ஈரக்கை போதும், அப்போதும் குழாய் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அமுக்குக் குழாய் மாட்டினால் தீர்ந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உப்புத் தண்ணீர் ஊரில் அதன் ஸ்பிரிங்கில் உப்புப் படிந்து பாதி திறந்தபடியே நின்றுவிடும். குழாய் வாயில் மாட்டும் சல்லடை மூடியும் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைக்காவிட்டால், யாராவது பொறுமையிழந்து பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

ஒளு செய்து விழும் நீர் ஷாஃபி மத்ஹபில் 'முஸ்தஃமல்': சுத்தமானது, ஆனால் மறுபடி ஒளுவுக்கு ஆகாது. மரத்துக்குத் தாராளமாக விடலாம். பள்ளிவாசலில் ஒரு வேளைத் தொழுகைக்கு 100 பேர் ஆளுக்கு 8 லிட்டர் செலவழித்தால் 800 லிட்டர். கழிவறைக் குழாயோடு சேராமல் தனி வாய்க்கால் வேண்டும். முடியைத் தடுக்க வாயில் கம்பிவலை, பிறகு அடியில் பெரிய ஜல்லி, நடுவில் சின்னக் கூழாங்கல், மேலே ஆற்று மணல் போட்ட குழி, அங்கிருந்து வாழைக்கோ தென்னைக்கோ. வலையை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யாவிட்டால் தேங்கிக் கொசு வைக்கும். ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைத்தால் நாறும்.

மரம் நடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். மறுமை நாளே வந்தாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடு என்ற ஹதீஸை ஜூன் 5 சுற்றுச்சூழல் தினப் படங்களோடு ஒவ்வோர் ஆண்டும் போடுகிறீர்கள். எங்கள் கிழக்குக் கடற்கரையில் ஜூனில் மண் கொதிக்கும்; மழை அக்டோபரில்தான். ஜூனில் நட்ட கன்றுக்கு நான்கு மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது? இரண்டடிக் குழி, மேல்மண்ணோடு மக்கிய எரு, பாலிதீன் பையை முழுக்கக் கிழித்து எடுப்பது, அடியில் சுருண்ட வேரை வெட்டிவிடுவது, இரண்டு கோடைக்குத் தண்ணீர் என்று எதையுமே ஓர் ஆண்டும் எழுதவில்லை.

இந்தப் போதனை ஏட்டோடு நிற்பதல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில், சான்சிபாரின் பெம்பா தீவை ஒட்டிய மிசாலித் தீவில் வெடி வைத்து மீன் பிடித்தவர்களிடம், இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் நிறுவிய அமைப்பு குர்ஆன் வசனங்களைக் கொண்டே பேசியது. அரசு எச்சரிக்கைக்கு அசையாத மீனவர்களில் பலர் அதற்குச் செவிசாய்த்தார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் 'அதிபதி' என்பதைப் 'பொறுப்பாளர்' என்று திருத்தி, அதே மாணவர் பகுதியில், கண்ணில் படும் இடத்தில் வெளியிடுங்கள். இடமிருந்தால் அந்த வாளிச் செய்முறையையும் சேருங்கள். மரம் நடும் பக்கத்தை அக்டோபருக்கு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கீழக்கரை