புண் ஆறினாலும் நோய் உள்ளேதான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் வெயிலுக்கு உடம்பில் எது கிளம்பினாலும் 'சூட்டுக் கொப்புளம்' என்றுவிடுகிறோம். பிறப்புறுப்பில் வரும் வலியில்லாத புண்ணை மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது. பெரியவர்கள் கிரந்தி, மேகப்புண் என்று சொல்லும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயாக அது இருக்கலாம்.

உறவுக்குப் பின் சுமார் 3 வாரத்தில் வரும். 10 நாளிலும் வரலாம், 90 நாளும் ஆகலாம். பெரும்பாலும் ஒற்றைப் புண், அடிப்பகுதி கெட்டியாக இருக்கும், அரையில் நெறி கட்டும். பெண்களுக்குக் கருப்பை வாயில் வந்தால் கண்ணுக்கே தெரியாது. 3 முதல் 6 வாரத்தில் மருந்தில்லாமலே ஆறிவிடும். ஏமாறுவது இங்கேதான். தடவிய களிம்போ, லாட்ஜில் முகாம் போடுபவர் கொடுத்த லேகியமோ குணமாக்கியதாக நம்பிவிடுகிறார்கள். கிருமி அதற்குள் ரத்தத்தில் கலந்திருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத தடிப்புகள் வரும், அவையும் மறையும். கவனிக்காமல் விட்டால் கண், மூளை, இதயம் வரை போகும்.

ஆரம்பத்திலேயே வந்தால் பென்சதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை போதும். இரண்டு புட்டத்திலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். நாள்பட்டது என்றாலோ, எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டாலோ வாரம் ஒன்றாக 3 வாரம். முதல் ஊசியன்று இரவு காய்ச்சலும் குளிரும் வரலாம். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது. ஒரு நாளில் அடங்கும். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் அடுத்த ஊசிக்கு வருவதில்லை. மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கி விழுங்குவதை நம்பக் கூடாது, அதற்கு அடங்காத கிருமி பரவியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனை முதல் சில நாள்களில் 'நெகட்டிவ்' காட்டலாம். சந்தேகம் இருந்தால் மறுபடி எடுங்கள். சிகிச்சைக்குப் பின் ஆர்பிஆர் என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு 1:32 என்பது 1:8 ஆக, அதாவது நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இன்னொரு வகைப் பரிசோதனை குணமான பிறகும் வாழ்நாள் முழுக்க 'பாசிட்டிவ்' காட்டலாம். அதைப் பார்த்து யாரும் பயப்படவோ, வீட்டில் சண்டை போடவோ வேண்டாம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நாள் கடத்தவே கூடாது. வயிற்றுப் பிள்ளை இறந்தே பிறக்கலாம், நோயோடு பிறக்கலாம். முதல் செக்கப்பிலேயே இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்குப் பென்சிலின் மட்டுமே மருந்து. பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னதாகப் போட்டிருக்க வேண்டும்.

கணவன், மனைவி இருவருமே சிகிச்சை எடுக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் மற்றவருக்குத் திரும்பத் தொற்றும். புண் ஆறி, இருவர் சிகிச்சையும் முடியும்வரை உறவு வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போகலாம். அங்கேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் பேசலாம், கட்டணமில்லை.

இப்படிக்கு,
பால்வினை நோய் ஆலோசகர்கள்,
வேலூர்